நீர்மின் நிறுவனத்தில் மீன்வள, வனவிலங்கு உயிரியலாளர்: வேலையைக் கற்றுக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

அணையை இயக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும். அந்த உரிமத்தில் மீனுக்கு வழிவிட வேண்டும், ஆற்றில் இவ்வளவு நீர் ஓட வேண்டும், கழுகுக் கூட்டை இந்தத் தூரத்துக்குள் நெருங்கக் கூடாது என்று ஷரத்துகள் இருக்கும். அவற்றை நிறைவேற்றவே நிறுவனம் உயிரியலாளரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கோப்பு வேலையாகத் தெரியும். உள்ளே வந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்: ஒரு ஆற்றின் நீர்மட்டம் எப்போது ஏற வேண்டும், எவ்வளவு மெதுவாக இறங்க வேண்டும் என்பதில் நேரடியாகக் கருத்துச் சொல்லும் இடம் வேறு எந்த உயிரியலாளருக்கும் எளிதில் கிடைப்பதில்லை.

அந்த இடத்தைச் சரியாகப் பயன்படுத்த ஒரு விஷயம் கட்டாயம். மீனைத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். மீனையும் தெரிந்து, டர்பைன் எந்த மணிக்கு நிற்கும் என்பதையும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்து வருகின்றன. இந்தப் பதவி அங்கேதான் நன்றாக வேரூன்றியிருக்கிறது.

தகுதி: சுருக்கமாக

மீன்வளம், வனவிலங்கியல், சூழலியல் இவற்றில் ஒன்றில் இளங்கலை குறைந்தபட்சத் தேவை. ஆய்வை வடிவமைக்கும் பொறுப்பு வேண்டுமென்றால் முதுகலை நல்லது. அமெரிக்க மீன்வளச் சங்கமும் வனவிலங்குச் சங்கமும் தொழில்முறைச் சான்றிதழ் தருகின்றன, வைத்திருந்தால் உதவும். பாடத்திட்டத்தில் பலரும் தவிர்க்கும் இரண்டு பாடங்களை மட்டும் தேடிப்பிடித்துப் படியுங்கள்: புள்ளியியல், நீரியல். மீனின் உடற்கூறியலை வேலையில் சேர்ந்தபிறகும் கற்கலாம். நீரோட்ட வரைபடத்தைப் படிக்கத் தெரியாமல் முதல் கூட்டத்தில் உட்கார்ந்தால் பொறியாளர்கள் பேசுவது எதுவும் காதில் ஏறாது.

படகு ஓட்டுதல், வேகநீரில் மீட்பு, முதலுதவி, மூடிய இடங்களுக்குள் நுழைவதற்கான பயிற்சி, இயந்திரப் பூட்டு நடைமுறை ஆகியவற்றை நிறுவனமே கற்றுத்தரும். கடைசி இரண்டும் ஏன் உயிரியலாளருக்குத் தேவை என்பது பின்னால் வரும்.

படி 1: முதலில் அணையைப் படியுங்கள்

புதிதாகச் சேர்பவர்கள் வலையையும் படகையும் தேடிப் போவார்கள். முதல் சில வாரங்களைப் பவர்ஹவுசிலும் கட்டுப்பாட்டு அறையிலும் செலவிடுங்கள் என்பதே என் அழுத்தமான பரிந்துரை. ஷிஃப்டில் இருக்கும் ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை யூனிட்கள் (ஒரு டர்பைனும் அதன் ஜெனரேட்டரும் சேர்ந்தது ஒரு யூனிட்)? ஒவ்வொன்றும் குறைந்தபட்சம் எவ்வளவு நீர் எடுக்கும், அதிகபட்சம் எவ்வளவு? மின்தேவை உச்சத்துக்குப் போகும் நேரம் எது? எந்த யூனிட்டை முதலில் ஓட்டுவீர்கள், எதை முதலில் நிறுத்துவீர்கள்? எந்த மதகு சரியாகத் திறக்காது?

கேட்க மறக்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. ஒரு யூனிட் திடீரென்று டிரிப் ஆனால், அதாவது தானாக நின்றுபோனால், கீழே ஆற்றுக்கு என்ன ஆகும்? மின்னல், கிரிட் கோளாறு, ரிலே பழுது என எந்தக் காரணத்தாலும் டர்பைன் சில விநாடிகளில் மூடிக்கொள்ளலாம். தானியங்கி பைபாஸ் வால்வு இல்லை என்றாலோ, மதகைத் திறக்கப் பல நிமிடங்கள் ஆகும் என்றாலோ, அந்த இடைவெளியில் கீழே ஆறு வற்றும். அழகாக எழுதப்பட்ட நீரோட்டத் திட்டங்கள் பல இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே எழுதப்படுகின்றன.

அடுத்து டர்பைன் வகை. கப்லான் டர்பைனில் தகடுகள் குறைவு, நீர்வழி அகலம். மீன் பிழைக்க வாய்ப்பு கூடுதல். ஃபிரான்சிஸ் டர்பைனில் தகடுகள் அதிகம், இடைவெளி குறுகல். உயரமான மலை நீர்வீழ்ச்சிகளில் இருக்கும் பெல்டன் சக்கரத்துக்குள் போகும் மீனுக்குத் தப்பிக்க வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தகடு அடிப்பது மட்டுமே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். தகட்டைத் தாண்டியவுடன் அழுத்தம் சட்டென்று விழுகிறது. மீனின் காற்றுப்பை விரிகிறது. சால்மன், டிரவுட் போன்றவை காற்றை வாய் வழியாக வெளியேற்றிவிடும். பெர்ச், பாஸ் போன்றவற்றுக்கு அந்த வழி இல்லை. காற்றுப்பை வெடித்துக் குடல் வெளியே தள்ளும். உங்கள் ஆற்றில் எந்த வகை மீன் அதிகம் என்பதைப் பொறுத்து உங்கள் டர்பைனின் ஆபத்தே மாறிவிடுகிறது.

இன்னொரு கருவியையும் கையில் வைத்திருங்கள்: மின்திறன் கணக்கு. நீரோட்டம் (வினாடிக்குக் கனமீட்டர்) × நீர் விழும் உயரம் (மீட்டர்) × 9.81 × திறன் விகிதம் = கிலோவாட். மீனுக்காக 10 கனமீட்டர் நீரை டர்பைனில் விடாமல் மதகு வழியாக விடச் சொல்கிறீர்கள், உயரம் 30 மீட்டர், திறன் 0.9 என்றால் இழப்பு சுமார் 2,650 கிலோவாட். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 64 மெகாவாட்-மணி. கூட்டத்தில் மேலாளர் இந்த எண்ணைச் சொல்லும் முன் நீங்களே சொல்லுங்கள். கேட்பதன் விலை தெரிந்து கேட்பவரை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது. அதோடு, அந்த நீரை எந்த ஆறு மணி நேரத்தில் விட்டால் போதும் என்றும் சொல்ல முடிந்தால் பேச்சு வேறு திசைக்குப் போகும்.

படி 2: உரிமத்தை வரி வரியாகப் படியுங்கள்

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமல்லாத நீர்மின் திட்டங்களுக்கு ஃபெர்க் எனப்படும் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உரிமம் தருகிறது. காலம் 30 முதல் 50 ஆண்டு. இந்த எண்ணை மனதில் பதியுங்கள்: இன்று உரிமத்தில் எழுதப்படும் குறைந்தபட்ச நீரோட்டம், நீங்கள் ஓய்வு பெற்றபிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

1986-இல் வந்த சட்டத் திருத்தம், மின்சாரத்துக்கு இணையான கவனத்தை மீன், வனவிலங்கு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கும் தர வேண்டும் என்றது. கூட்டாட்சி மின்சக்திச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி மீன்வழி கட்டச் சொல்லும் அதிகாரம் மத்திய மீன்வளத் துறைகளுக்கு உண்டு. ஆணையம் அதை ஏற்றே ஆக வேண்டும். தூய நீர்ச் சட்டத்தின் 401-ஆவது பிரிவின் கீழ் மாநில அரசும் நிபந்தனை விதிக்கலாம். அழியும் நிலையில் உள்ள இனம் இருந்தால் 1973-ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மறு உரிமத்துக்கான அறிவிப்பை, பழைய உரிமம் முடிவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தர வேண்டும். அதாவது ஆய்வுகள் அதற்கும் முன்பே மனதில் உருவாகியிருக்க வேண்டும்.

சட்டம் வெறும் காகிதம் இல்லை என்பதற்கு மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் எட்வர்ட்ஸ் அணையே சான்று. 1997-இல் ஆணையம் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 1999-இல் அணை உடைக்கப்பட்டது. மின்சாரத்தால் கிடைக்கும் பயனைவிட மீன்கள் திரும்பி வருவதன் பயன் பெரிது என்ற தீர்ப்பு அது.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. உரிமத்தின் ஒவ்வொரு ஷரத்தையும் ஒரு அட்டவணையில் போடுங்கள்: என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், யாரிடம் அறிக்கை, மீறினால் எத்தனை மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த அட்டவணையின் நகல் கட்டுப்பாட்டு அறைச் சுவரிலும் தொங்கட்டும். ஆபரேட்டர் கண்ணில் படாத ஷரத்து நள்ளிரவில் மீறப்படும்.

பழங்குடி மக்களின் உரிமைகளையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் 1974-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பு, ஒப்பந்தம் செய்துகொண்ட பழங்குடிகளுக்கு அறுவடை செய்யக்கூடிய மீனில் பாதிக்கு உரிமை உண்டு என்றது. அவர்களின் மீன்வளத் துறைகளில் திறமையான உயிரியலாளர்கள் இருக்கிறார்கள். ஆற்றின் பழைய நடப்புத் தெரிந்த முதியவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுத் திட்டத்தை எழுதி முடித்தபிறகு காட்டாதீர்கள். எழுதும்போதே கூட உட்காரச் சொல்லுங்கள்.

படி 3: ஆற்றுக்கு ஒரு நாட்காட்டி

பெரிய தாள் ஒன்றில் பன்னிரண்டு மாதங்களைப் போடுங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வரி: எப்போது மேலேறும், எப்போது முட்டையிடும், முட்டை எத்தனை நாள் சரளைக்குள் இருக்கும், குஞ்சு எப்போது வெளிவரும், எப்போது கடலுக்கு இறங்கும். அதே தாளின் அடியில் அணையின் வரிகள்: உச்சத் தேவை மாதங்கள், பராமரிப்பு நிறுத்தம், வெள்ள நீர் விடும் காலம், நீர்த்தேக்கத்தை இறக்கும் காலம். இரண்டும் மோதும் இடங்களே உங்கள் வேலை.

முட்டைக் காலத்தை நாள் கணக்கில் போடாதீர்கள், வெப்பக் கணக்கில் போடுங்கள். சினூக் சால்மன் முட்டை பொரிய ஏறத்தாழ 500 செல்சியஸ் டிகிரி-நாட்களும், குஞ்சு சரளையை விட்டு வெளிவர ஏறத்தாழ 1,000 டிகிரி-நாட்களும் வேண்டும். தினசரி சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்தால் போதும். நீர் சராசரியாக 5 டிகிரியில் இருந்தால் வெளிவர 200 நாள். 8 டிகிரியில் இருந்தால் 125 நாள். ஒரு வெப்பமானி வைத்துக் கணக்கிட்டால், மின்நிலையத்திடம் எந்தத் தேதிவரை நீர்மட்டத்தைத் தாங்கிப் பிடிக்கச் சொல்வது என்பது தெளிவாகும்.

இந்த நாட்காட்டியின் பலன் எப்படி இருக்கும் என்பதற்குக் அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றின் ஹான்ஃபோர்ட் பகுதியைப் பாருங்கள். பிரீஸ்ட் ரேபிட்ஸ் அணைக்குக் கீழே இலையுதிர்கால சினூக் முட்டையிடுகிறது. அவை பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் கூடு தோண்டுபவை. மின்தேவையும் பகலில்தான் அதிகம். பகலில் நீரை உயர்த்தினால் மீன் கரையோர மேட்டில் போய் முட்டையிடும். குளிர்காலத்தில் நீர் இறங்கும்போது அந்த முட்டைகள் காயும். இதற்கு ஆபரேட்டர்களும் உயிரியலாளர்களும் சேர்ந்து கண்ட தீர்வு, முட்டையிடும் வாரங்களில் வழக்கத்தைத் தலைகீழாக்குவது: பகலில் குறைவாக, இரவில் அதிகமாக நீர் விடுவது. மீன் தாழ்வான இடத்தில் முட்டையிடும். பிறகு குஞ்சு வெளிவரும்வரை அந்த மட்டத்துக்கு மேல் நீர் நிற்கும்படி பார்த்துக்கொள்வார்கள். 1988-இல் வெர்னிட்டா பார் ஒப்பந்தமாகக் கையெழுத்தான ஏற்பாடு இது. புதிய கான்கிரீட் எதுவும் கட்டாமல், மணிக்கணக்கை மாற்றியே ஒரு பெரிய மீன் கூட்டத்தைக் காத்திருக்கிறார்கள்.

படி 4: மேலே போகும் வழி, கீழே வரும் வழி

மேலே போகும் வழியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்: மீன் ஏணி. கொலம்பியா ஆற்றில் 1938-இல் இயங்கத் தொடங்கிய பான்வில் அணையிலேயே ஏணிகள் இருந்தன. ஏணியின் படிகளைவிட அதன் வாசல்தான் முக்கியம். டர்பைனிலிருந்து பொங்கி வரும் பெருவெள்ளத்துக்கு நடுவே சிறிய வாசலை மீன் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் வாசலில் தனியாக ஈர்ப்பு நீர் விடுவார்கள். எந்த யூனிட் ஓடும்போது மீன் வாசலைக் கண்டுபிடிக்கிறது, எது ஓடும்போது தவறவிடுகிறது என்று பதிவு செய்யுங்கள். யூனிட் ஓட்டும் வரிசையை மாற்றினாலே சில இடங்களில் பிரச்சினை தீரும்.

சால்மனுக்குக் கட்டிய ஏணி எல்லாருக்கும் ஏணி ஆகாது. விலாங்கு போன்ற உடலுள்ள பசிபிக் லாம்ப்ரே என்ற மீன் வாயால் உறிஞ்சி ஒட்டிக்கொண்டு ஏறும். கூர்மையான கான்கிரீட் முனை வந்தால் பிடி விட்டுப்போகும். முனையை வளைவாக்கினால் ஏறிவிடும். விலாங்குக் குஞ்சுக்கு ஏணியே வேண்டாம், ஈரமான தூரிகைப் பரப்புள்ள சரிவுப் பாதை போதும். சின்னச் செலவு, பெரிய பலன்.

கீழே வரும் வழிதான் கடினம். கடலுக்குப் புறப்படும் சால்மன் குஞ்சுக்கு மூன்று வாய்ப்புகள்: டர்பைன், மதகு, தனியாகக் கட்டிய பைபாஸ். டர்பைன் வழி என்றால், யூனிட்டை அதன் உச்சத் திறன் புள்ளிக்கு அருகே ஓட்டச் சொல்லுங்கள். கொலம்பியாவின் கூட்டாட்சி அணைகளில் வலசைக் காலத்தில் உச்சத்திலிருந்து 1 சதவீதத்துக்குள் ஓட்டுவது நடைமுறை. மதகு வழி என்றால் வாயு மிகுதியைக் கவனியுங்கள். உயரத்திலிருந்து விழும் நீர் காற்றை ஆழத்துக்கு இழுத்துச் சென்று கரைத்துவிடுகிறது. பொதுவான நீர்த்தர வரம்பு 110 சதவீதச் செறிவு. மிகவும் கூடினால் மீனின் துடுப்பு, கண், செவுள்களில் குமிழிகள் தோன்றும்.

விலாங்கின் கதை நேர்மாறு. வளர்ந்த வெள்ளி விலாங்கு கடலுக்கு இறங்குவது இலையுதிர் காலத்தில், பெரும்பாலும் மழை பெய்து நீர் உயரும் இருண்ட இரவுகளில். உடல் நீளம் என்பதால் தகட்டில் அடிபடும் வாய்ப்பும் மிக அதிகம். இறங்கும் இரவுகளை முன்கூட்டியே கணித்தால், அந்தச் சில இரவுகளில் மட்டும் யூனிட்டை நிறுத்தும்படி கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் கொண்டுவந்த விதி, மனிதத் தலையீடு இல்லாதிருந்தால் கடலை அடைந்திருக்கும் வெள்ளி விலாங்குகளின் மொத்த எடையில் 40 சதவீதமாவது கடலை அடைய வேண்டும் என்கிறது.

படி 5: நீர் இறங்கும் வேகம்

ஏணிக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதி இதற்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும். மின்தேவை குறைந்ததும் யூனிட்டைக் குறைக்கிறார்கள். கீழே நீர்மட்டம் இறங்குகிறது. கரையோர ஆழமற்ற நீரில் இருந்த குஞ்சுகள் சரளைக்குள்ளும் குட்டைகளிலும் மாட்டிக்கொள்கின்றன. செத்த குஞ்சு விரல் நகத்தளவு. காக்கையும் நாரையும் சீக்கிரமே தின்று முடித்துவிடும். நீங்கள் மறுநாள் போனால் எதுவும் நடக்காதது போல இருக்கும்.

ஆற்றில் இறங்கி நடந்து, எங்கே மாட்டும் என்று முதலில் வரைபடம் போடுங்கள். 4 சதவீதத்துக்கும் குறைவான சரிவுள்ள சரளைத் திட்டுகள், கிளைக்கால்கள், குழிகள், பழைய வாகனத் தடங்கள்கூட. அங்கெல்லாம் அழுத்த உணரி வைத்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டம் பதியுங்கள். அணைக்கு அருகில் மணிக்கு 15 செ.மீ. இறங்கும் நீர், பல கிலோமீட்டர் கீழே 6 செ.மீ. ஆகத் தணிந்திருக்கலாம்; எனவே வரம்பை எந்த இடத்தில் அளப்பது என்பதும் உரிமத்தில் தெளிவாக இருக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் பின்பற்றப்படும் வரம்பு, பருவத்தைப் பொறுத்து, மணிக்கு 1 முதல் 2 அங்குலம்; சால்மன் குஞ்சுகள் வெளிவரும் பருவத்தில் பகலில் இறக்கவே கூடாது.

நேரமும் முக்கியம். கடுங்குளிரில் குட்டி டிரவுட்டும் அட்லாண்டிக் சால்மன் குஞ்சும் பகலில் சரளைக்கு அடியில் ஒளிந்திருக்கும். நீர் இறங்குவதே அவற்றுக்குத் தெரியாது. இரவில் வெளியே நீந்துவதால், இருட்டில் நீரை இறக்கினால் தப்பித்துவிடும். அதே மெகாவாட், அதே நீர். மாறுவது இறக்கும் மணி மட்டும்.

படி 6: வெப்பமும் ஆக்சிஜனும்

கோடையில் நீர்த்தேக்கம் அடுக்குகளாகப் பிரியும். அடியிலுள்ள குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். டர்பைன் வாய் அடியில் இருந்தால் அந்த மூச்சுமுட்டும் நீர்தான் கீழே வரும். அமெரிக்க அரசின் மின் நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் டர்பைனிலேயே காற்றைக் கலந்தும், நீர்த்தேக்க அடியில் ஆக்சிஜன் செலுத்தியும் இதைச் சரிசெய்கிறது. வெப்பம் பிரச்சினை என்றால் வெவ்வேறு ஆழத்திலிருந்து நீர் எடுக்கும் அமைப்பு வேண்டும். கலிபோர்னியாவின் ஷாஸ்டா அணையில் 1997-இல் அப்படி ஒன்றைப் பொருத்தினார்கள். உங்கள் பங்கு, மாதம் ஒருமுறையாவது ஆழவாரியாக வெப்பமும் ஆக்சிஜனும் அளந்து வைப்பது. அந்தத் தரவு இல்லாமல் பொறியாளர் எதையும் வடிவமைக்க முடியாது.

படி 7: களத்தில்

மீனைப் பின்தொடரப் பல கருவிகள் உண்டு. முதலில் கையில் எடுக்க வேண்டியது, மீனின் உடலுக்குள் வைக்கும் பிட் டேக் என்ற சிறு அடையாளச் சில்லு. பெரும்பாலும் 12 மி.மீ. நீளம், உள்ளே பேட்டரி கிடையாது, வாசிப்பானைக் கடக்கும்போது மட்டும் தன் எண்ணைச் சொல்லும். மீனின் ஆயுள் முழுக்க வேலை செய்யும். எங்கே போகிறது என்று தொடர்ந்து அறிய வேண்டுமானால் ரேடியோ அல்லது ஒலி டேக். டர்பைனைக் கடந்த மீனை உடனே மீட்க, சில நிமிடங்களில் ஊதிப்பெருகி மீனை மேலே தூக்கிவரும் பலூன் டேக் இருக்கிறது. பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் உருவாக்கிய சென்சார் ஃபிஷ் என்ற கருவியை டர்பைனுக்குள் விட்டால் அழுத்தம், முடுக்கம், சுழற்சி எல்லாம் பதிந்து வரும். உயிருள்ள மீனைப் பலியிடாமலே ஆபத்தான இடத்தைக் காணலாம்.

மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கும்போது முதலில் நீரின் கடத்துதிறனை அளவிடுங்கள், பிறகு வோல்ட்டேஜைத் தீர்மானியுங்கள். முடிந்தவரை குறைந்த அதிர்வெண் துடிப்பில் தொடங்குங்கள். அதிகத் துடிப்பு முதுகெலும்பை முறிக்கும். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள்.

எல்லாக் களப்பணியிலும் என் மனதுக்கு நெருக்கமானது டிராஃப்ட் டியூப் மீட்பு, அதாவது டர்பைனிலிருந்து நீர் வெளியேறும் பெரிய குழாயில் சிக்கிய மீன்களை மீட்பது. பராமரிப்புக்காக யூனிட்டை நிறுத்தி, கீழ்வாயில் ஸ்டாப்லாக் என்ற அடைப்புத் தடுப்பை இறக்கி அடைத்து, உள்ளிருக்கும் நீரைப் பம்ப் செய்து வெளியேற்றுவார்கள். டர்பைன் நின்றிருந்த நேரத்தில் உள்ளே நீந்தி வந்த மீன்களெல்லாம் அங்கே சிக்கியிருக்கும். முதல் தந்திரம், ஸ்டாப்லாக் இறங்குவதற்குச் சற்று முன்வரை யூனிட்டைச் சுழலவிடச் சொல்வது. ஓட்டம் இருக்கும்வரை மீன் உள்ளே வராது. நிறுத்துவதற்கும் அடைப்பதற்கும் இடையே ஓர் இரவு விட்டால் உள்ளே கூட்டம் சேர்ந்துவிடும். பம்ப் ஓடும்போது ஆக்சிஜன் மீட்டரைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். முழங்கால் அளவு நீர் இருக்கும்போதே பம்ப்பை நிறுத்தச் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே போனால் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தும். உள்ளே இறங்கும் முன் உங்கள் பெயர் எழுதிய பூட்டை நீங்களே கட்டுப்பாட்டுப் பலகையில் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். மேலே கேட்டைத் திறக்க யாராலும் முடியாது என்பதற்கு அந்தச் சாவிதான் உத்தரவாதம். ஹெல்மெட் விளக்கின் வெளிச்சத்தில், வழுக்கும் எஃகுத் தரையில், கைவலையால் அள்ளி வாளியில் போட்டு மேலே அனுப்புவோம். ஆளுயர ஸ்டர்ஜன் இருந்தால் துணித்தூளியில் ஈரமாகச் சுற்றித் தூக்க வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகு ஒடியும். அது மறுபடி ஆற்றில் இறங்கி ஒரு உதறு உதறிப் போவதைப் பராமரிப்புத் தொழிலாளர்கள் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். அடுத்த நிறுத்தத்தின்போது தேதியைக் கேட்காமலே உங்களுக்குப் போன் செய்து சொல்வதும் அவர்கள்தான்.

படி 8: பறவைகளும் பிறவும்

மீன் வேலை நீரில் என்றால், வனவிலங்கு வேலை கரையிலும் கம்பத்திலும். பெரும்பறவைகள் மின்கம்பத்தில் சாவது, இறக்கை ஒரே நேரத்தில் இரண்டு கம்பிகளைத் தொடுவதால். கழுகளவு பறவைக்குக் கிடைமட்ட இடைவெளி 60 அங்குலம் வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவு. இடைவெளி தர முடியாத கம்பத்தில் உறை போடலாம். மீன் பிடித்துத் தின்னும் ஆஸ்பிரே என்ற பெரும்பறவை கம்பத்தின் உச்சியில் கூடு கட்டினால் கலைக்காதீர்கள். பருவம் முடிந்ததும் பக்கத்தில் அதைவிட உயரமாக ஒரு மேடை நட்டு, பழைய குச்சிகளை அங்கே மாற்றுங்கள். வெண்தலைக் கழுகுக் கூட்டிலிருந்து 330 அல்லது 660 அடிக்குள் பருவகாலத்தில் வேலை வைக்காமல் பராமரிப்பு அட்டவணையைத் திருத்துவதும் உங்கள் பொறுப்பு.

லூன் என்ற நீர்ப்பறவை நீர்விளிம்பை ஒட்டியே முட்டையிடும்; நடந்து வெகுதூரம் போக அதற்கு வராது. அடைகாக்கும் ஏறத்தாழ 28 நாட்களில் நீர்த்தேக்கம் 6 அங்குலத்துக்கு மேல் ஏறினால் கூடு மூழ்கும். ஓர் அடிக்கு மேல் இறங்கினால் தாய்ப்பறவை கூட்டை எட்ட முடியாது. மட்டத்தை நிறுத்திவைக்க இயலாத தேக்கங்களில் மிதவைக் கூடுகள் உதவுகின்றன. நீர்த்தேக்கத்தை இறக்கும்போது நன்னீர் மட்டிகளையும் மறக்காதீர்கள். அவற்றால் வேகமாக நகர முடியாது.

படி 9: எண்ணும் நேர்மையும்

கொலம்பியாவின் கூட்டாட்சி அணைகளுக்கு 2008-இல் வைக்கப்பட்ட இலக்கு, வசந்தகால வலசைக் குஞ்சுகளில் 96 சதவீதம் ஒரு அணையை உயிரோடு கடப்பது. நல்ல எண்ணாகத் தெரிகிறது. கொலம்பியாவில் கலக்கும் ஸ்னேக் ஆற்றிலிருந்து வரும் குஞ்சு எட்டு அணைகளைக் கடக்கிறது, 0.96-ஐ எட்டு முறை பெருக்கினால் 0.72. நான்கில் ஒன்றுக்கும் மேல் போய்விடுகிறது, இடையிலுள்ள தேக்கங்களின் இழப்பைச் சேர்க்காமலே. எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் அதை எத்தனை முறை பெருக்க வேண்டும் என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

உங்கள் சம்பளத்தை அணை தருகிறது. இதை எல்லோரும் அறிவார்கள். உங்கள் எண்களை ஐயத்தோடு பார்ப்பார்கள். அது நியாயமும்கூட. அதனால் மாதிரி அளவு, ஒப்பீட்டுக் குழு, எந்தத் தரவை எந்தக் காரணத்துக்காக நீக்குவோம் என்பது எல்லாவற்றையும் ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி, அரசுத் துறைகளிடமும் பழங்குடித் துறைகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். மூலத் தரவை அப்படியே கொடுங்கள். நிறுவனத்துக்குச் சங்கடமான எண் வந்தால் மேலாளரிடம் அன்றே சொல்லுங்கள், அறிக்கையில் மாற்றாமல் எழுதுங்கள்.

படி 10: மீன் செத்து மிதந்தால்

இந்த அழைப்பு விடியற்காலையில்தான் வரும். நடைமுறையை முன்பே எழுதி வைத்திருந்தால் தடுமாற்றம் இருக்காது. முதலில் நேரத்தைக் குறியுங்கள், பிறகு நீரை அளவிடுங்கள்: வெப்பம், ஆக்சிஜன், கரைந்த வாயு. சூரியன் ஏறினால் ஆக்சிஜன் எண் மாறிவிடும், அதனால் மீனை எண்ணுவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். அடுத்து இனவாரியாக எண்ணிக்கை, நீளம், புகைப்படம். வெட்டுக்காயமா, பிதுங்கிய கண்ணா, செவுளில் குமிழியா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். செவுள் இன்னும் சிவப்பாக உள்ள சிலவற்றைப் பனிக்கட்டியில் வையுங்கள். உறையவிட்டால் திசுப் பரிசோதனைக்கு ஆகாது. உரிமத்தில் சொன்ன நேரத்துக்குள் துறைகளுக்குத் தகவல் கொடுங்கள், காரணம் இன்னும் தெரியாவிட்டாலும். கட்டுப்பாட்டு அறையில் கடந்த 48 மணி நேர ஸ்காடா (அணையின் கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவை, யூனிட் வாரியாகவும் மதகு வாரியாகவும், பழைய தரவின் மேல் புதியது எழுதப்படும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டரிடம் அவர் வீட்டுக்குக் கிளம்பும் முன் பேசுங்கள். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும், இத்தனை நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய உங்களிடம் அதைச் சொல்வார்.